தோணி மாப்பிள்ளை – 11: ஐந்தாம் றீலில் சத்தமில்லை

நாற்பத்தேழு பெரிய வெள்ளிகளாக மாங்கேணி மீனவர்கள் தங்கள் சின்னச் செபக்கூடத்தின் மூலையில் வைத்துத் தூபம் காட்டிவந்த தகரப்பெட்டிகளுக்குள் இருந்தது, இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்காப் படம் அல்ல. சாட்டின் சேட்டும் அரும்பு மீசையுமாகத் தோணியில் நிற்கும் நோபேட்தான் என்பது தெரியவந்து மூன்று மாதம் ஆகிறது.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு யாரோ கொண்டுபோய் ஒதுக்கிவைத்த பெட்டிகள் அவை. தேய்ந்த பிரதி, இனி ஓட்டக்கூடாது என்பதற்காக மூடியில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. மாங்கேணியார் அதைச் சற்றே சாய்ந்த சிலுவை என்று எடுத்துக்கொண்டார்கள். சிலுவை போட்ட பெட்டியைத் திறந்து பார்க்கும் துணிச்சல் அந்த ஊரில் எவருக்கும் கிடையாது.

இப்படியாக, 1967இல் மட்டக்களப்பு வாவியில் எடுக்கப்பட்ட 'தோணி மாப்பிள்ளை' என்ற பாட்டுப் படம், அதன் கதாநாயகனை விட அதிக மரியாதையோடு வாழ்ந்து வந்திருந்தது.

கதாநாயகனுக்கு இப்போது வயது எண்பத்திரண்டு. அன்றைக்குக் கலியாண வீடு, கார்னிவல், வானொலி என்று ஒன்றையும் விடாமல் பாடித் திரிந்த பாட்டுக்காரர். நடித்தது ஒரே ஒரு படம். அந்த ஒன்றை வைத்து ஐம்பத்தெட்டு வருடம் ஊரில் தலை நிமிர்ந்து நடப்பது லேசான காரியமில்லை. நோபேட் அதைச் செய்து காட்டினார்.

மகள் ஜூலி ஒரு பாடசாலையில் உப அதிபர். பெட்டிகளைக் கொழும்புக்கு அனுப்பிப் படத்தைக் கணினிக்கு மாற்றியதும், நகர மண்டபத்தைப் பிடித்ததும், ஊர் முழுக்க அழைப்பு அனுப்பியதும் அவள்தான். இன்று சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்குக் காட்சி.

காலை ஒன்பது மணிக்கே நோபேட் மீசைக்கு மை பூசி முடித்திருந்தார்.

"இஞ்சாருங்க, நாலு மணிக்குத்தானே படம்?" என்றாள் அவருடைய மனைவி பீற்றிஸ். "இப்பவே மீசைய ஒட்டினா மத்தியானம் சொதியில கழண்டிரும்."

"ஒட்டல்ல புள்ள. பூசினது."

"தூரத்துக்கு ஒட்டின மாதிரித்தான் இரிக்கு."

பீற்றிஸ் 'தோணி மாப்பிள்ளை'யைப் பார்த்ததே இல்லை. அவளுடைய தகப்பனார் மெதடிஸ்த கோயிலில் உபதேசியார். படமாளிகை இருக்கும் தெருவால் போகவேண்டி வந்தால் குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போகிற மனுசன். ஆனால் வானொலிக்குக் குடை பிடிக்க முடியவில்லை. அதில் அந்தப் பாட்டு வந்தது.

*மறுகரையில விளக்கெரியுது மச்சாள் – என்*
*மனசு வந்து கரை தட்டுது மச்சாள்*

வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் இல்லை. இசைத்தட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. யூரியூப்பில் இருப்பது ஏதோ ஒரு கலியாண வீட்டில் யாரோ அதைக் கொலை செய்த காட்சி. ஆனாலும் சனங்களின் வாயில் பாட்டு அப்படியே இருந்தது.

படத்தில் ஏழு பாட்டு. ஆறை நோபேட்தான் பாடினார். ஊர் மறந்துபோன ஆறும் அவருடையவை. மறக்காத ஒன்றை மட்டும் அவர் பாடவில்லை.

படம் எடுத்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, இது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்பது நோபேட்டின் நம்பிக்கை.

நடந்தது இதுதான். தோணியில் எழுந்து நின்று வலிக்கப் பழக வேண்டுமென்று நோபேட்டை மூன்று நாள் வாவியில் விட்டார்கள். அலை என்ற ஒன்று இல்லாத அந்தத் தண்ணீரில் கடல் மயக்கம் கண்ட முதல் மனிதன் நோபேட்தான். மூன்று நாளும் வாந்தி. நாலாம் நாள் தொண்டை, பழைய கதவு மாதிரிக் கிறீச்சிட்டது. ஒலிப்பதிவு மெஷினோ அன்று பின்னேரமே கொழும்புக்குத் திரும்பவேண்டும். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு கரையில் குந்தியிருந்தபோது, தோணி வலிக்கக் காட்டிக்கொடுத்த வவுணதீவுப் பொடியன் நல்லரத்தினம் தண்ணீரை இறைத்துக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தான். ஒத்திகையில் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்தது. களத்துமேட்டில் நெல்லடிக்க மாடு வளைத்துப் பாடின குரல். டைரக்டர் மெதுவாகத் தலையிலிருந்து கையை எடுத்தார்.

பேர் போடுவதா என்று கேட்டதற்கு நல்லரத்தினம் வேண்டாம் என்றான். படத்தில் பாடினது தகப்பனுக்குத் தெரிந்தால் வெட்டிக் கொத்திப்போடுவார். அதற்குப் பதிலாக நோபேட்டின் சாட்டின் சேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒருவருக்கும் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுத்துவிட்டுப் போனான்.

நோபேட் வாயை மட்டும் அசைத்தார். படம் ஓடியது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் எழுபத்தோராம் ஆண்டு, கலியாணப் பேச்சு வந்த வீட்டில், அந்த உபதேசியார் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "படம் பாவம்தான். எண்டாலும் அந்தப் பாட்டை ஒருக்காப் படிங்க தம்பி."

நோபேட்டின் வாய் தானாகவே ஒரு பொய்யைப் பெற்றுப்போட்டது: "அந்தப் பாட்டை இனிப் படிக்கிறதில்ல எண்டு ஆயித்தியமலை மாதாவுக்கு நேர்த்தி வச்சிரிக்கன் மாமா."

மாதா மெதடிஸ்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. ஆனால் பேரும் புகழும் தந்த பாட்டையே விட்டுக்கொடுத்த ஒரு வாலிபன்! மாமா அன்றைக்கே பெண்ணைத் தந்தார்.

அந்தப் பெண் செய்த காரியம்தான் பெரிது. 'இவ்வளவு பெரிய நேர்த்தியை மனுசன் தனியச் சுமக்கக்கூடாது' என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு செப்டெம்பர் திருநாளுக்கும் வீட்டிலிருந்து ஆயித்தியமலைக்கு நடந்தாள். வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு தாண்டி, வட்டை வட்டையாக வயல் தாண்டி, ஐம்பத்து நாலு வருடம். முழங்கால் இயலாமல் வந்த பிறகும் நடந்தாள். நோபேட் பஸ்ஸில் போய், மரநிழலில் விரித்து வைத்துக் காத்திருப்பார்.

பொய் சொல்கிறவன் நின்ற இடத்தில் நிற்கலாம். இவருடைய பொய் வருடத்துக்கு ஒருமுறை முப்பது கிலோமீற்றர் நடந்தது.

பத்தரை மணிக்கு றொனால்டின் மோட்டார் சைக்கிள் கேற்றடியில் வந்து நின்றது. கலியாண வீடியோ எடுக்கிற றொனால்ட்தான் இன்றைக்குப் படத்தை ஓட்டப்போகிறவன். முகம் சரியில்லை.

"அங்கிள், ராவு இருந்து முழுக்கப் பாத்தன். ஐஞ்சாம் றீலில சத்தமில்ல."

"என்ன இல்ல?"

"சத்தம் பதிஞ்சிரிக்கிற ஓரத்தை உப்புக் காத்துத் திண்டிட்டு. படம் வருது. நீங்க வாறீங்க, தோணி வருது, வாய் அசையுது. சத்தம் மட்டும் இல்ல."

ஐந்தாம் றீலில்தான் அந்தப் பாட்டு.

நோபேட் கதிரையில் இருந்துவிட்டார். பார்த்தவர்கள் அதைத் துயரம் என்று நினைத்தார்கள். உள்ளே அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் இருந்தால் ஆபத்தில்லை. சத்தம் இல்லாவிட்டால் அடுத்து என்ன கேட்பார்கள்?

ஜூலி அதைக் கேட்டாள்.

"அதுக்கென்ன? பப்பா மேடையில நிண்டு நேரா பாடட்டும். படம் பின்னால ஓடட்டும். இன்னும் நல்லா இரிக்கும்!"

"ஐயோ மகள்," நோபேட் கண்ணை மூடினார். ஐம்பத்து நாலு வருடமாகக் கைகொடுத்த மருந்து கையிலேயே இருந்தது. "நேர்த்தி."

"அது முடிஞ்சிது."

"என்ன முடிஞ்சிது?"

ஜூலி கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். உப அதிபர்மாருக்கு எந்த விசயமும் எழுத்தில் இருக்கவேண்டும். "போன கிழமையே ஃபாதரிட்டக் கேட்டன், இன்டைக்கு உங்கள ஒரு வரியாவது பாட வைக்கோணும் எண்டு. நேர்த்தியத் தளத்திவிட அவருக்கு ஏலுமாம். 'உன்ட அம்மா நடந்த நடைக்கு மாதாவே போதும் எண்டு சொல்லியிரிப்பா' எண்டார். இந்தா, கையெழுத்தும் வச்சிரிக்கார்."

பீற்றிஸ் சமையலறை வாசலில் நின்று கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று எதிர்பார்த்துக் காத்திருந்தது. என்னவென்று நோபேட்டுக்குப் பிடிபடவில்லை.

"நல்ல ஃபாதர்," என்றார் அவர்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தார். முதல் வரி போனது. இரண்டாம் வரியில் 'மனசு' மேலே ஏறவேண்டும். ஏறி, வாவியின் அந்தக் கரை மட்டும் போய்த் திரும்பவேண்டும். நோபேட்டின் மனசு வாளியைத் தாண்டவில்லை. பைலா ஆட்டப்பாட்டுக்குச் செய்த தொண்டை அது. வட்டையில் நின்று அடுத்த வட்டைக்காரனைக் கூப்பிடச் செய்ததல்ல.

"பப்பா, ஆரு உள்ளுக்கு? பூனை கீனை புகுந்திட்டா?" என்றாள் ஜூலி வெளியே இருந்து.

மூன்றரைக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. மாங்கேணியிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம். நாற்பத்தேழு வருடம் கும்பிட்டது எதை என்று பார்க்க அவர்களுக்கும் உரிமை இருந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு கிழவி பழக்கதோசத்தில் செபமாலையைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்த நோபேட்டின் கை பாதியில் நின்றது.

வெள்ளை வேட்டியும் மேலுக்கு நீலச் சேட்டுமாக நல்லரத்தினம் வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மகள் பிரஷாந்தி.

"இவரை ஆரு கூப்பிட்ட?" என்றார் நோபேட் பல்லுக்குள்.

"நான்தான்," என்றாள் பீற்றிஸ். "வருசா வருசம் நடந்து போகேக்குள்ள இவர்ட வீட்டிலதானே தேத்தண்ணி குடிக்கிற. ஒருக்காவாவது நம்மட பக்கம் வரட்டுமே. வாங்க அண்ணன்! செப்டெம்பர் மாதம் மட்டும் பாக்கிற முகம்!"

"ஓம் தங்கச்சி. இன்டைக்குத் தேத்தண்ணி நீங்க தரோணும்," என்று சிரித்தார் நல்லரத்தினம். பிறகு நோபேட்டைப் பார்த்தார். "எப்பிடி மச்சான், தோணி மயக்கமெல்லாம் தெளிஞ்சிதா?"

பீற்றிஸ் கதிரை காட்டப் போனதும் நோபேட் அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

"மச்சான், ஐஞ்சாம் றீலில சத்தமில்ல. என்னைப் பாடட்டாம்."

"பாடன்."

"விசர் கதையாத. எனக்கு ஏலுமா?"

நல்லரத்தினம் முழங்கையை விடுவித்துக்கொண்டார். "நான் வாக்குக் குடுத்தன். வாய் திறக்கமாட்டன். மற்றது உன்ட விசயம்." இரண்டடி போய்த் திரும்பினார். "அந்தச் சேட் இன்னும் இரிக்கு மச்சான். கடைசியா வயல்ல நிக்கிற வெருளிக்குப் போட்டுவிட்டன். அதுக்குப் பிறகு ஒரு கிளி இறங்கல்ல."

படம் தொடங்கியது. கீறலும் புள்ளியுமாக மழை பெய்கிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்த மழைக்குள்ளிருந்து இருபத்து நாலு வயது நோபேட் வெளிப்பட்டபோது மண்டபம் விசிலடித்தது. மாங்கேணிக் கிழவி சிலுவை போட்டாள். பைலாவுக்குப் பின்வரிசைப் பெண்கள் எழும்பி ஆடினார்கள். மறந்துபோன பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து கைதட்டு வாங்கிக்கொண்டு போயின.

நோபேட் பக்கத்தில் பார்த்தார். பீற்றிஸ் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு வருடம் தாமதமாக ஒரு பெண் தன் மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"வடிவாத்தான் இரிந்திரிக்கீங்க," என்றாள் மெதுவாக.

நாலாம் றீல் முடிந்தது. ஜூலி மைக்கை நோபேட்டின் கையில் திணித்தாள்.

மேடை. பின்னால் வாவி, தோணி. திரையில் வாலிபன் நோபேட் துடுப்பை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தான். சத்தமில்லை. மண்டபத்திலும் சத்தமில்லை. ஐந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்; பாட்டின் ஒவ்வொரு வளைவும் தெரிந்த ஐந்நூறு பேர்.

கிழவர் நோபேட்டும் வாயைத் திறந்தார்.

மூன்றாம் வரிசையில் நல்லரத்தினம் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு வரும்போதெல்லாம், எந்தக் கலியாண வீட்டில், எந்தத் தேத்தண்ணிக் கடையில் அது வந்தாலும், இந்த மனுசன் இப்படித்தான் குனிந்திருப்பார் என்று நோபேட்டுக்கு அந்தக் கணத்தில்தான் பட்டது. ஐம்பத்தெட்டு வருடமாக ஒரு மனுசன் குனிந்திருக்கிறார். நோபேட் நிமிர்ந்து நடந்திருக்கிறார்.

"நிப்பாட்டு மனே," என்றார் மைக்கில். றொனால்ட் நிறுத்தினான். திரையில் நோபேட் திறந்த வாயோடு நின்றான்.

"இந்தப் பாட்டை நான் பாடல்ல."

"நேர்த்திதான் முடிஞ்சிதே பப்பா!" என்று கீழேயிருந்து ஜூலி.

"இப்ப இல்ல மகள். அப்பவே. படத்தில பாடினது நான் இல்ல."

யாரோ ஒரு கதிரையைக் கிறீச்சென்று இழுத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப அந்த வாய் ஆர்ட வாய்?"

சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று இன்னும் முடிவாகாத சிரிப்பு.

"வாய் என்ட," என்றார் நோபேட். "சத்தம் அவர்ட. வவுணதீவு நல்லரத்தினம். இந்தா, மூண்டாம் வரிசையில நீலச் சேட். நான் மூண்டு நாள் வாவியில சத்தி எடுத்துக்கொண்டிரிந்தன். அவர் ஒரு மூச்சில பாடிட்டுப் போனார். இவ்வளவு காலமும் கைதட்டை மட்டும் நான் வாங்கி வச்சிரிந்தன்."

ஐந்நூறு தலை திரும்பியது. பிரஷாந்தி தகப்பனை வாய்பிளந்து பார்த்தாள்.

"அப்பா? நீங்களா? ஒரு சொல்லுச் சொல்லல்லியே!"

"அப்ப சொன்னா என்ட அப்பா கொத்தியிரிப்பார் மகள்," என்றார் நல்லரத்தினம். "மறுகா ஆரும் கேக்கல்ல."

"இப்பக் கேக்கிறம்! பாடுங்க!" என்றது பின்வரிசை.

"நான் மேடைக்கெல்லாம் வரமாட்டன்."

"வராதீங்க. இரிந்து பாடுங்க," என்று மகள் இடித்தாள். "இவ்வளவு காலமும் மாட்டுக்குப் பாடினது போதும்."

நோபேட் மேடையிலிருந்து குனிந்து மைக்கை நீட்டினார். கை கையாக அது மூன்றாம் வரிசைக்குப் போனது. நல்லரத்தினம் அதை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று பார்த்துவிட்டு, மடியில் வைத்தார். அவருக்கு அது தேவைப்படவில்லை.

றொனால்ட் பாட்டின் தொடக்கத்துக்குப் படத்தைத் திருப்பினான்.

*மறுகரையில விளக்கெரியுது மச்சாள்...*

எண்பது வயதுக் குரல், ஓரம் உடைந்திருந்தது. ஆனால் 'மனசு' ஏறவேண்டிய இடத்தில் ஏறியது. ஏறி, கூரையைத் தட்டி, வாவியின் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

மேடையில் நோபேட் வெறுங்கையோடு நின்றார். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தானாக ஒரு துடுப்பைப் பிடித்தது. நெஞ்சு நிமிர்ந்தது. வாய் அசைந்தது.

முதலில் கவனித்தது மாங்கேணிக் கிழவிதான். "ஏசுவே, ஒண்டாப் போகுது!"

ஒன்றாகத்தான் போனது. திரையில் இருபத்து நாலு வயது வாய், மேடையில் எண்பத்திரண்டு வயது வாய், மூன்றாம் வரிசையில் எண்பது வயதுச் சத்தம். மூச்சு எடுக்கிற இடம் மூச்சு. கண் சொருகுகிற இடம் கண். ஒரு மயிரிழை பிசகவில்லை. ஐம்பத்தெட்டு வருடம் குளியலறையிலும் கண்ணாடிக்கு முன்னாலும் நோபேட் விடாமல் பழகியது இதைத்தான். சத்தமில்லாமல் பாடுவதில் இலங்கைத் தீவில் அவருக்கு நிகர் எவரும் இல்லை என்பது அன்றைக்கு ஊர் முன்னிலையில் நிரூபணமானது.

*துடுப்பு ரெண்டும் தண்ணிக்குள்ள மச்சாள் – நான்*
*துடிக்கிறது ஆருக்காக மச்சாள்*

மண்டபம் எழுந்து நின்றது. "இன்னொருக்கா!" றொனால்ட் திருப்பினான். "இன்னொருக்கா!" மூன்றாம் தரம் நல்லரத்தினத்தை ஐந்தாறு பேர் கதிரையோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். மேடைக்கு வரமாட்டேன் என்ற வாக்கை அவர் மீறவில்லை, கதிரைதான் வந்தது. நோபேட் அவருடைய தோளில் கைபோட்டு, வாயை அசைத்தார். பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்ட அதே குரல் இப்போது கத்தியது: "வாய்க்கும் ஒரு கைதட்டு! சத்தத்துக்கும் ஒரு கைதட்டு!"

ஆறாம் றீலை எவரும் சரியாகப் பார்க்கவில்லை. கதாநாயகிக்கு என்ன நடந்ததென்று இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே வரும்போது ஆறு மணி. வாவியில் வெயில் சாய்ந்திருந்தது. கைகொடுக்க வந்தவர்கள் நோபேட்டின் கையைக் கழற்றிக்கொண்டு போகாத குறை. ஜூலி ஒரு பக்கம் அழுதுகொண்டும் ஒரு பக்கம் கதிரைகளை எண்ணிக்கொண்டும் நின்றாள்.

ஓட்டோவில் பீற்றிஸும் அவரும் மட்டும். இவ்வளவு வெற்றியிலும் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நோபேட்டுக்கு அலையில்லாத இடத்தில் வருகிற அதே மயக்கம்.

"புள்ள, கோவமா? பாட்டு விசயத்த..."

"பாட்டு அவர்டதான் எண்டு எனக்கு எப்பவோ தெரியும்."

"என்ன?"

"ஒரு வருசம் தேத்தண்ணி ஊத்தேக்குள்ள தன்னை மறந்து முணுமுணுத்தார். எனக்குக் காதில்லியா? உங்கட குரலை நான் குளியலறையில ஒவ்வொரு நாளும் கேக்கிறன்தானே." பீற்றிஸ் செருப்பைக் கழற்றி, வெடித்த குதிக்காலை மெதுவாகத் தடவிக்கொண்டாள். "பிறத்தியார்ட குரலில பேர் எடுத்திட்டம் எண்டு மனுசன் வெக்கப்பட்டுத்தான் நேர்த்தி வச்சிரிக்கார், வெளியில சொல்ல ஏலாம மாதாட்ட மட்டும் சொல்லியிரிக்கார் எண்டு நினைச்சன். அந்த வெக்கத்துக்காகத்தான் நடந்தன்."

ஓட்டோ கல்லடிப் பாலத்தில் ஏறியது.

"இன்டைக்கு மைக்கில எல்லாம் சொன்னீங்க. நேர்த்தியப் பத்தி ஒண்டும் சொல்லல்ல." அவள் முகத்தைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தாள். "நேர்த்தி வச்சீங்களா, இல்லியா?"

ஐந்நூறு பேருக்கு முன்னால் வந்த சொல், ஒரு ஆளுக்கு முன்னால் வரவில்லை. நோபேட்டின் வாய் அசைந்தது. சத்தமில்லை.

"விளங்கிட்டு," என்றாள் பீற்றிஸ். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு விடிய நாலு மணிக்கு எழும்புங்க."

"என்னத்துக்கு?"

"ஆயித்தியமலைக்கு."

நோபேட்டுக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவுதானா! "அதுக்கேன் நாலு மணிக்கு? முதல் பஸ் ஆறு மணிக்குத்தானே?"

பீற்றிஸ் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைவாயில் ஒரு சிரிப்பு வந்து ஒதுங்கியது.

"பஸ்ஸா?" என்றாள்.